மாப்பிள்ளைக்குச் சூடு ஆகாது

இரும்பின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் விரிசலை, இரும்பை வெட்டாமல் வெளியில் நின்றபடியே கேட்டுச் சொல்வது எங்கள் தொழில். சொன்னது சரியாக இருந்தால் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, தவறிப்போனால் யாரும் மறப்பதில்லை. தராசு பிடிக்கும் அன்பர்களே, வெப்பமானி வைக்கும் நண்பர்களே, கருவி சொன்னதைத் திருப்பிச் சொல்லி அதற்காக ஏச்சு வாங்கும் தோழர்களே, நீங்கள் அனைவரும் இந்த வகையில் எனக்கு உறவினர்கள். உங்களுக்குப் புரியும் என்ற தைரியத்தில்தான் பழைய நாட்களை எழுதத் துணிந்தேன்.

மண்ணின் ரோஷம்

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலி அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. நட்டுவைத்த மரங்கள் இடுப்பளவுதான் வளர்ந்திருந்தன. எந்த வீட்டு வாசலில் நின்றாலும் வேறொரு ஜில்லாவின் தமிழ் காதில் விழும். மின்நிலையத்தில் ஒரு கொதிகலன் ஓடத் தொடங்கியிருந்தது. அதன் பக்கத்திலேயே அடுத்தது எழும்பிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் நான் சேர்ந்தேன். சங்கரன்கோவில் பக்கத்து ஆளான எனக்கு, மழை என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது.

பிரிவு என்றால் மூன்று பேர். தலைமை, கும்பகோணத்துக்காரரான தாமோதரன் சார்; பொறியாளர், சத்தம் போட்டுப் பேசாதவர். அடுத்து நான். மூன்றாமவர் சிவக்கொழுந்து, நாற்பது வயது, தற்காலிக உதவியாள். சுரங்கம் வருமுன் பிறர் வயலில் நாற்று நட்டவர். "எங்க வூடு இருந்த எடம் இப்ப பனைமரம் முழுவுற பள்ளம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் சேர்ந்த அன்று தாமோதரன் சார் உள்ளங்கையில் ஒரு வில்லையை வைத்துக் காட்டினார். கால் ரூபாய்க் காசின் அளவு. நிறம் பழைய பல்லைப் போல. பீங்கான் கிண்ணத்துக்குத் தூரத்து உறவு, சூளையில் வெந்த மண். அதன் இரு முகங்களிலும் கம்பி சேர்த்து, ஒரு பென்சிலால் மெல்லத் தட்டினார். பக்கத்தில் இருந்த மீட்டரின் முள் துள்ளி எழுந்தது. அழுத்தினால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் தானே துடிக்கும். அந்தத் துடிப்பை இரும்புக்குள் அனுப்பி, எங்காவது விரிசலில் மோதித் திரும்பும் எதிரொலியை அதே வில்லையால் கேட்டு, திரையில் கோடாகப் பார்ப்பதுதான் எங்கள் வித்தை. இந்த வில்லையை உலோகக் கூட்டுக்குள் வைத்து ஒரு கேபிள் வாலும் கட்டிவிட்டால், அதற்குப் பெயர் புரோப்.

முள் துள்ளியதைப் பார்த்த சிவக்கொழுந்து வில்லையைக் குனிந்து பார்த்தார். "லேசா தொட்டதுக்கு ஒரு மண்ணுக்கே இம்மாம் ரோஷம் வருதுன்னா, நாமெல்லாம் எதுக்கு சார் சோறு துன்றோம்?" என்றார்.

மாமனாரும் மாப்பிள்ளையும்

எங்களிடம் இரண்டு வகைப் புரோப்கள் இருந்தன. ஒன்று படிகக் கல்லிலிருந்து அறுத்தெடுத்தது. முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. எவ்வளவு சூடான குழாயின் மேல் வைத்தாலும் கலங்காது. ஆனால் செவி மந்தம். சிறு விரிசலை அதற்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். மற்றொன்று நான் மேலே சொன்ன பீங்கான். ஊசிமுனை அளவு குறையையும் பிடித்துவிடும் கூர்மை. ஆனால் தண்ணீர் கொதிக்கும் சூட்டைச் சற்றே தாண்டினால் போதும். அதன் ஆற்றல் அதைவிட்டு நீங்கிவிடும். வெடிக்காது, கீறாது, நிறம் மாறாது. பார்வைக்குப் பழையபடியே இருக்கும். கேட்கும் திறன் மட்டும் போயிருக்கும்.

உலகத்தில் மனிதர்களும் இந்த இரண்டு வகைதான் என்பது நான் பிற்பாடு கற்ற பாடம். கூர்மையானவர்கள் சூடு தாங்குவதில்லை. சூடு தாங்குபவர்களுக்குக் கூர்மை குறைவு. இரண்டையும் ஒருவரிடமே எதிர்பார்த்துவிட்டுப் பிறகு வருந்துகிறோம்.

தாமோதரன் சார் இதை விளக்கி முடித்த மறுநாளே சிவக்கொழுந்து இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டார். அதன்பிறகு எங்கள் பிரிவில் யாரும் வேறு பெயர் சொன்னதில்லை. "மாமனாருக்குக் காது கேக்காது, மாப்ளைக்குச் சூடு ஆவாது, ரெண்டையும் வெச்சுக்கினுதான் நாம குடும்பம் நடத்தணும்" என்றார்.

சந்தைக்கு வந்த பஸ்

சூடு பட்டால் பீங்கானுக்கு என்னதான் ஆகிறது என்று நான் கேட்டேன். புத்தகத்தில் இருந்தது எனக்குப் புரியவில்லை. தாமோதரன் சார் குள்ளஞ்சாவடிச் சந்தையைச் சொன்னார்.

சந்தையில் கூட்டம் நிற்கிறது. ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு திசையில். முந்திரிக்கொட்டை விற்பவர் ஒரு பக்கம், பேரம் பேசுபவர் ஒரு பக்கம். அந்தக் கூட்டத்துக்குச் சேர்ந்தாற்போல் ஒரு பலம் கிடையாது. திடீரென்று கடலூர்ப் பக்கமிருந்து பஸ் வருகிறது. அத்தனை தலைகளும் அந்தத் திசைக்குத் திரும்புகின்றன. சூளையிலிருந்து வரும் பீங்கானுக்குள் இருக்கும் நுண்மணிகளும் அப்படித்தான், ஆளுக்கொரு திசை. அதைச் சூடான எண்ணெயில் வைத்து வலிய மின்சாரத்தை ஒரு பக்கமிருந்து கொடுத்தால் பெரும்பாலானவை ஒரே திசைக்குத் திரும்பும். மின்சாரத்தை எடுக்காமலே ஆறவிட்டால், திரும்பியபடியே நிலைத்துவிடும். அந்த ஒற்றுமைதான் வில்லையின் உயிர். பிறகு அளவுக்கு மீறிச் சூடு ஏறினால் பழையபடி ஆளுக்கொரு திசை.

அன்பர்களே, ஒரு குடும்பத்தையோ ஒரு தொழிற்சங்கத்தையோ நினைத்துக்கொண்டு இதை ஒருமுறை படியுங்கள். உடைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; ஓடு ஒன்றுகூட நொறுங்கியிருக்காது, முகங்கள் மட்டும் திரும்பியிருக்கும்.

சிவக்கொழுந்து கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்: "சரி சார், பஸ்ஸு நிக்காம போயிட்டா?"

நெல்லிக்குப்பம் கையெழுத்து

நாங்கள் சோதித்தவை வெல்டர்களின் ஜாயின்ட்கள். நீராவிக் குழாய்களை நெருப்பால் இணைத்த இடங்கள். அவற்றில் ஒன்று பலவீனமாக இருந்தாலும் ஒருநாள் கொதிக்கும் ஆவி கத்திபோல் வெளியே பாயும். எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. ஆகவே விதி கடுமையாக இருந்தது. ஒரு வெல்டரின் மூன்று ஜாயின்ட்கள் தள்ளுபடியானால் அவர் கேட்டுக்கு வெளியே போக வேண்டும்.

வெல்டர்களில் சிறந்தவர் கரீம் பாய். நெல்லிக்குப்பத்துக்காரர், சர்க்கரை ஆலையில் கற்ற கை. ஒவ்வொரு வெல்டரும் தம் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில் தமக்குரிய அடையாளத்தை உளியால் பதிக்க வேண்டும். மற்றவர்கள் அவசரமாகக் கொத்திவிட்டுப் போவார்கள். கரீம் பாய் கல்வெட்டுபோல் நேராகப் பதித்து, துணியால் துடைத்துவிட்டு, ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கொதிகலன் முடிந்ததும், குறையே வராத வெல்டர்கள் சிலரைப் பராமரிப்பு வேலைக்கு நிரந்தரமாக எடுப்பார்கள் என்று பேச்சு இருந்தது. அதற்காக அவர் காத்திருந்தார். நெல்லிக்குப்பத்தில் மனைவியும் பிள்ளைகளும். ஒவ்வொரு முறையும் கடலூர் போய் பஸ் மாறி வர வேண்டும். "பர்மனன்ட் ஆயிட்டா குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் வந்தா புள்ளைங்க இங்கியே படிக்கும்" என்பார். வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அடையாளத்தை அத்தனை அழகாகப் பதிப்பது ஏன் என்று நான் கேட்டபோது சொன்னார்: "நாளைக்கு இந்தப் பைப்பு ஒடஞ்சா யாரு செஞ்சதுன்னு தேடணும்ல தம்பி, தேடறவருக்கு என்னாத்துக்குச் செரமம்?"

தயிர் திரும்பவில்லை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த கொதிகலனிலிருந்து வந்த நீராவிக் குழாய் ஒன்று எங்கள் கொட்டகையை ஒட்டிச் சென்றது. அதில் பெரிய வால்வு ஒன்று. குழாயின் மேல் கனமான உறை போர்த்தியிருந்தது. அங்கே தொட்டால் கதகதப்பு மட்டுமே. வால்வின் தலை மட்டும் உறையில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நீர் சொட்டினால் 'சுர்' என்று மறையும். வெல்டர், பிட்டர், சூப்பர்வைசர் என்று பேதமில்லாமல் அத்தனை பேரின் சாப்பாட்டு டப்பாவும் அந்த உறைமீதுதான் இருக்கும். சங்கு ஊதியதும் எடுத்தால் ஆவி பறக்கும் சோறு. அந்த ஈரமான நாட்களில் அதைவிடப் பெரிய செல்வம் எதுவும் எங்களுக்கு இருந்ததில்லை. இன்றும் மழை பெய்தால், சூடேறிய புளிக்குழம்பின் மணமும் பழுப்பு நிலக்கரிப் புகையின் மணமும் கலந்து எங்கிருந்தோ வருகிறது.

எங்கள் புரோப்களுக்கும் மழையால் இடைஞ்சல். கேபிளில் ஈரம் ஏறித் திரையில் கோடு துள்ளியது. சிவக்கொழுந்து இதைக் கரீம் பாயிடம் சொல்லிப் புலம்பினார். வெல்டர்கள் தங்கள் வெல்டிங் ராடுகளை மழைக்காலத்தில் சிறு அடுப்பில் வைத்துக் காய்ச்சித்தான் எடுப்பார்கள். ஈர ராடு ஜாயின்ட்டைக் கெடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில் அவர் நல்லெண்ணத்துடன் வழி சொன்னார். "நாங்க ராடைச் சூட்டுல வெக்கல? நீங்களும் உங்க மாப்ளய அந்தப் பைப்பு மேல ஓரமா வைங்க. ஈரம் போயிடும்." சிவக்கொழுந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் துணி விரித்துப் புரோப்பைப் படுக்கவைத்து, உறையின் ஓரத்தில், சாப்பாட்டு டப்பாக்களின் வரிசையில் கடைசியாக வைத்தார். கொதிக்கும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும், இது கதகதப்புதானே.

அந்த வாரத்தில்தான் யாரோ ஒருவர் தாமோதரன் சாரின் தயிர்சாத டப்பாவை, தம் டப்பாவுக்கு இடம் தேடி வால்வின் பக்கம் தள்ளிவிட்டார். மதியம் திறந்தால் தயிர் திரிந்து நீர் தனியாக நின்றது. ஆறினால் சரியாகிவிடும் என்று நான் அசட்டுத்தனமாக ஆறுதல் சொன்னேன். சிவக்கொழுந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சங்கரன்கோவில் பக்கம் தயிரு ஆறுனா திரும்பிக்குமா தம்பி? எங்க பக்கம் போனது போனதுதான்" என்றார்.

புல்லுக்குள் பாம்பு

இதற்குப் பிறகு கரீம் பாயின் ஜாயின்ட் ஒன்றில் குறை தெரிந்தது. எங்களாலேயே நம்ப முடியவில்லை. திரையில் கோடு மங்கலாக இருந்ததால் எதிரொலியைப் பெரிதாக்கிக் காட்டும் கெய்ன் என்னும் திருகை நாங்கள் சற்றுக் கூட்டி வைத்திருந்தோம். கெய்னைக் கூட்டினால் திரையின் அடியில் குட்டிக் குட்டியாகக் கோடுகள் முளைக்கும். அதைப் புல் என்போம். அந்தப் புல்லுக்கு நடுவே ஒன்று உயரமாக நின்றது. விரிசல் என்று எழுதினோம். ஜாயின்ட்டை வளையமாக அறுத்தெடுத்து, வேறு ஜாயின்ட் போட்டார்கள். அறுத்த வளையத்தைக் கரீம் பாய் கழிவுக் குவியலில் போடவில்லை. வெல்டர் கொட்டகையின் தார்ப்பாய் காற்றில் பறக்காதபடி அதன்மேல் பாரமாக வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இரண்டாவது. இம்முறை புல் இன்னும் அடர்த்தி. மற்ற வெல்டர்களுக்கும் அங்கொன்று இங்கொன்றாகத் தள்ளுபடி வந்தது; ஆனால் கடினமான மூலை ஜாயின்ட்கள் எல்லாம் சிறந்தவர் என்பதால் அவரிடம்தான் கொடுக்கப்பட்டிருந்தன. வெல்டர்களின் சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும், "இன்னொண்ணு போச்சுன்னா நெல்லிக்குப்பம் பஸ்ஸுதான் பாய், தெரியும்ல?" என்றார். அந்த ஜாயின்ட்டையும் அறுக்கச் சொல்லியிருந்தார். மழையால் வேலை தள்ளிப்போனது.

உண்மையில் ஒரு விதி இருந்தது. எங்களிடம் ஓர் எஃகுக் கட்டை உண்டு. அதில் வேண்டுமென்றே ஒரு துளை போட்டிருக்கும். காலையில் புரோப்பை முதலில் அந்தக் கட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். துளை திரையில் பனைமரம்போல் நிமிர்ந்து தெரிந்தால்தான் புரோப் நலம். கட்டை இருந்ததோ எதிரில் உள்ள ஸ்டோரில். இடையில் முழங்கால் தண்ணீர். மழை விடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தாமோதரன் சாரே சொல்லியிருந்தார். நாம் பிறரைச் சோதிப்பதை எந்த மழைக்காகவும் தள்ளிப்போடுவதில்லை. நம்மைச் சோதித்துக்கொள்வதற்கு ஒரு தூறல் போதும்.

கரீம் பாய் கோபப்பட்டுப் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தாமோதரன் சாரிடம் நிதானமாகச் சொன்னார்: "கண்ணாடியைத் தொடைக்காமலே என் மூஞ்சில கரின்றீங்க சார். கரி இருந்தா கழுவிக்கிறேன், ஆனா மொதல்ல தொடைங்க."

சாக்குத் துணி

கரீம் பாயின் அடுத்த ஜாயின்ட்டைச் சோதிக்க வேண்டிய நாள் வந்தது. சாரத்தின் மேல் தாமோதரன் சாரும் நானும் நின்றோம். கரீம் பாய் குழாயின் மறுபக்கம் ஒரு பலகையில் குந்தியிருந்தார். அவர் புறப்படும்போதே தம் கருவிப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவைத்துவிட்டு வந்திருக்கிறார் என்பதை நான் கவனித்தேன். அந்தக் கயிறு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. தன் கையை நம்புகிற ஒருவர், எங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வீட்டுக்குப் போக ஆயத்தமாகிவிட்டார்.

சிவக்கொழுந்து ஏணியில் ஏறிவந்தார். பிஸ்கட் டப்பாவைச் சாக்குத் துணியால் பிடித்திருந்தார்.

"சாக்கு எதுக்கு?" என்றார் தாமோதரன் சார்.

"சுடுது சார்."

"எது சுடுது?"

"மாப்ள டப்பா சார். பைப்பு மேல ஓரமாத்தான் வெச்சேன். டப்பாங்க கூடிப்போச்சு. ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி, வால்வு தலைக்கே போயிடுது. நான் தெனம் ஓரத்துக்கு எடுத்து வெச்சிக்கினுதான் இருக்கேன்."

தாமோதரன் சார் டப்பாவைத் தொட்டார், கையை உதறினார். தினமும் அந்த வரிசையில் அந்த டப்பாவைப் பார்த்தவர்தான் அவரும். யாருடைய சாப்பாடோ என்று நினைத்திருக்கிறார். "கட்டையைக் கொண்டு வா" என்றார் என்னிடம்.

முழங்கால் தண்ணீரில் போய்க் கட்டையைக் கொண்டுவந்தேன். கிரீஸ் தடவிப் புரோப்பை வைத்தோம். பனைமரம்போல் எழ வேண்டிய துளை, நெல் நாற்றுபோல் எட்டிப் பார்த்தது. கெய்னைக் கூட்டக் கூட்டப் புல்தான் வளர்ந்தது. இத்தனை நாட்களாக நாங்கள் பார்த்தது விரிசலை அல்ல. செவிடாகிப்போன ஒரு வில்லையின் காதிரைச்சலை.

ஸ்டோரில் பெட்டி பிரிக்காத புதிய புரோப் ஒன்று இருந்தது. அதைக் கட்டையில் வைத்துச் சரிபார்த்துவிட்டு ஜாயின்ட்டில் வைத்தோம். நூல் பிடித்தாற்போல் சுத்தமான கோடு. அறுக்காமல் நின்ற இரண்டாவது ஜாயின்ட்டிலும் அப்படியே. முதல் ஜாயின்ட்டுக்குச் சாட்சி தார்ப்பாயின் மேல் இருந்தது. அந்த வளையத்தை இறக்கி, குறுக்கே அறுத்து, தேய்த்து, அமிலம் தடவிக் கழுவினோம். எங்கே இரும்பு முடிகிறது, எங்கே வெல்டு தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. இடையில் ஒரு மயிரிழைகூட இல்லை. ஒரு குற்றமுமற்ற ஜாயின்ட்டைத்தான் அறுத்திருந்தோம்.

கரீம் பாய் வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தார்ப்பாய்க்கு வேற கல்லு தேடணும் போல" என்றார்.

வெல்டர் கொட்டகையில்

மதியச் சங்கு ஊதியது. எல்லோரும் டப்பாக்களுடன் வெல்டர் கொட்டகையில் கூடியிருந்தார்கள். தாமோதரன் சார் அங்கே போனார். வழக்கமாக வெல்டர்களைத்தான் அவர் அறைக்கு அழைப்பார்கள். நடுவில் நின்று, "கரீம் பாய் ஜாயின்ட் எதிலும் குறையில்லை. எங்க புரோப் கெட்டுப்போயிருந்தது. கட்டையில் பார்க்காம கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார்.

சூப்பர்வைசர் அதோடு விடுவதாக இல்லை. "அதை வால்வு மேல வெச்சது யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்று சிவக்கொழுந்து எழுந்தார்.

"யார் சொல்லி வெச்சே? உனக்காத் தோணியிருக்காது."

சிவக்கொழுந்து தற்காலிகக் கூலி; ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அந்த ஒரு பெயரைச் சொன்னால் இன்னொருவரின் குவார்ட்டர்ஸ் போய்விடும். தரையைப் பார்த்தபடி நின்றார். யாரும் கேட்காமலே கரீம் பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் சொல்லித்தான் வெச்சாரு. ராடு மாதிரின்னு நெனச்சுச் சொல்லிட்டேன். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க" என்றார். காலையில்தான் பிழைத்த வேலையை மதியமே எடுத்துக் கீழே வைத்தார். அன்பர்களே, நெருப்பில் புடம் போட்ட மனிதர் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அதை நான் சாப்பாட்டு வேளையில் பார்த்தேன்.

தாமோதரன் சார் குறுக்கிட்டார். "ஓரமா வைக்கத்தான் அவர் சொன்னார். அது வால்வு தலைக்குப் போனது எப்படி? நானும் என் டப்பாவுக்காகத் தள்ளியிருக்கேன். இந்தத் தம்பியும் தள்ளியிருக்கான். உங்க டிபனும் அங்கதான் சார் இருந்தது; நீங்களும் ஒரு விரற்கடை தள்ளியிருப்பீங்க." சூப்பர்வைசர் தம் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். வால்வின் சூட்டில் வெந்த அடையாளமாக அதன் அடி நீலம் பாரித்திருந்தது. அங்கிருந்த அத்தனை டப்பாவின் அடியும் அப்படித்தான் இருந்தது. அவர் உட்கார்ந்து மூடியைத் திறந்தார்.

கொட்டகை மூச்சுவிட்டது. கரீம் பாய் தாமோதரன் சாருக்கு ஒரு பலகையை இழுத்துப் போட்டார். "இரும்பு வெந்தா சேருது சார், உங்க மாப்ள வெந்தா பிரிஞ்சிடறாரு, எனக்கு எப்படித் தெரியும்? உக்காருங்க, சோறு ஆறுது."

கையை எடுக்காதே

செவிடான வில்லையைத் தூக்கிப்போடத் தாமோதரன் சாருக்கு மனமில்லை. கூட்டைப் பிரித்து அதை எடுத்தார். எண்ணெயைச் சூடாக்கி, அதில் மூழ்கவைத்து, இரு பக்கமும் கம்பி சேர்த்து வலிய மின்சாரம் கொடுத்தார். சந்தைக்குப் பஸ் வந்தது. முகங்கள் திரும்பின. சோதிக்கும் ஆவலில், எண்ணெய் ஆறுமுன்பே மின்சாரத்தை நிறுத்தி வெளியே எடுத்துவிட்டோம். மீட்டர் முள் பெயருக்கு அசைந்தது.

மறுமுறை அவசரப்படவில்லை. மின்சாரத்தை நிறுத்தாமலே எண்ணெய் முழுதும் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு பென்சிலால் தட்டினால் முள் எழுந்தது. பழைய துள்ளல் இல்லை, ஆனால் எழுந்தது. அந்த வில்லை சில காலம் எங்களுக்குச் சில்லறை வேலைகள் செய்தது. பிள்ளைகளைத் திருத்த முனைகிற பெற்றோரே, சூட்டோடு திருப்புவது எளிது. ஆறும்வரை பிடித்திருப்பதுதான் அரிது. நம்மில் பலர் திருப்பிய களைப்பில் கையை எடுத்துவிடுகிறோம்.

சிவக்கொழுந்து எட்டியே நின்று பார்த்தார். அதன்பிறகு அவர் அந்த வில்லையை ஒருநாளும் தொடவில்லை; கேட்டால் சொல்வார்: "மாப்ள ஒரு தபா கோச்சிக்கினு போயிட்டு வந்திருக்காரு. மரியாதையா எட்டியே நிக்கறேன்."

முதல்ல கட்டை

மழை முடிந்து கொதிகலனும் முடிந்தது. கரீம் பாயின் பெயர் நிரந்தரப் பட்டியலில் வந்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்து, நெல்லிக்குப்பத்திலிருந்து பாத்திரங்களுடன் குடும்பம் லாரியில் வந்து இறங்கியபோது, சாமான் இறக்கியவர்களில் நாங்கள் மூவரும் இருந்தோம். வாசல் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அந்த அறுத்த வளையத்தின் பாதியை அவர் முட்டுக்கொடுத்து வைத்தார். மறு பாதி தாமோதரன் சாரின் மேசையில், காகிதங்களின் மேல் கடைசிவரை இருந்தது.

பிரிவில் ஒரு வழக்கமும் அன்றிலிருந்து நிலைத்தது. புரோப்பைக் கையில் எடுத்ததும் வெல்டர்கள் எல்லோரும் ஒரே குரலில், "மொதல்ல கட்டை!" என்பார்கள். அவர்கள் கண்ணெதிரே கட்டையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் ஜாயின்ட்டைத் தொட வேண்டும். முடிந்ததும் மறுபடி கட்டை. ஸ்டோரில் இருந்த கட்டையைக் கொட்டகைக்கே கொண்டுவந்தோம். குழாயின் மேல் சாப்பாட்டு டப்பாக்கள் எப்போதும்போல் இருந்தன. அவற்றை யார் தடுக்க முடியும்?

சில ஆண்டுகளில் ஈயம் கலந்த புதிய பீங்கான் வந்தது. முந்தையதைவிட மிகுந்த சூட்டைத் தாங்கும், செவியும் கூர்மை என்றார்கள், உண்மைதான். அதைவிடவும் சூடு தாங்குபவை பின்னால் வந்தன. அவற்றுக்குக் காது சற்று மந்தம். மாமனாரும் மாப்பிள்ளையும் முழுமையாகச் சேர்ந்த ஒரு வில்லையை நான் ஓய்வு பெறும்வரை பார்க்கவில்லை. புதிய வில்லை வந்திறங்கிய அன்று, இனிக் கட்டை தேவையில்லையே என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். பராமரிப்பு வேலையில் நரைத்துக்கொண்டிருந்த கரீம் பாய் வெல்டிங் முகமூடியை உயர்த்தினார். "மாப்ள புதுசுதான் தம்பி, பாக்கற ஆளு பழசுதானே? மொதல்ல கட்டை" என்றார்.

சூட்டைத் தாங்கும் பீங்கானை அறிஞர்கள் ஒருவாறு செய்துவிட்டார்கள். பிறர் ஜாயின்ட்டைத் தொடுமுன் தன்னைக் கட்டையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனிதனை எந்தச் சூளையில் சுடுவது என்பது தெரியவரும்வரை, சாப்பாட்டு டப்பாவைத் தள்ளும்போது பக்கத்தில் யாருடைய பிழைப்பு இருக்கிறது என்று பார்த்துத் தள்ளுவோம்.